டி. எஸ். சேனநாயக்க: ஒரு சிறு தீவின் அச்சமும் தோட்டத் தொழிலாளரின் வாக்கும்

ஸ்ரீபெரும்புதூரில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி ராஜீவ் காந்தி நினைவிடம் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டைக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் ஒரகடத்துக்கும் ஷிப்ட் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் கம்பெனிப் பேருந்துகள் நாள்தோறும் அப்பக்கம் ஓடுகின்றன. இத்தொழிற்பகுதியில் வளர்ந்த தலைமுறைக்கு இலங்கைச் சிக்கல் என்பது 1991 மே 21 இரவில் தொடங்குகிறது. இன்னும் சற்று விவரம் அறிந்தவர்களுக்கு அது 1983 கலவரத்தில் தொடங்கும். அதை நாம் மேலும் பின்னோக்கி, 1952-இல் இறந்துபோன ஒரு மனிதரின் வாழ்க்கையிலிருந்து பார்க்க விரும்புகிறோம். இலங்கையின் முதல் பிரதமர் டான் ஸ்டீபன் சேனநாயக்க அவர். அந்நாட்டுப் பாடநூல்களில் அவர் தேசத்தந்தை. தமிழகத்தில் அவர் பெயர் அநேகமாக யாருக்கும் நினைவில்லை. ஆனால் அவர் இயற்றிய சட்டங்கள் யாருடைய வாக்கைப் பறித்தனவோ, அவர்களில் மிகப் பெரும்பாலோர் நம் சேரிகளிலிருந்து கப்பலேறிய மக்கள். ஆகவே அவர் வாழ்க்கையை நாம் படித்தாக வேண்டும்.

1880-களில் மேற்கு இலங்கையின் மீரிகமை அருகே போத்தலை என்னும் ஊரில் பிறந்தவர் சேனநாயக்க. தந்தை டான் ஸ்பேட்டர் சேனநாயக்க கிராஃபைட் சுரங்கங்களாலும் சாராயக் குத்தகையாலும் தோட்டங்களாலும் பெரும் பொருள் ஈட்டியவர். குடும்பம் சிங்களரிடையே ஆதிக்கச் சாதியான கொவிகம. கொழும்பின் செயின்ட் தாமஸ் கல்லூரியில் படித்தபோதும் சேனநாயக்க படிப்பில் பெயர் எடுக்கவில்லை. நில அளவைத் துறையில் சிலகாலம் எழுத்தராக இருந்தார். பிறகு குடும்பத்தின் ரப்பர் தோட்டங்களையும் சுரங்கங்களையும் கவனிக்கப் போனார். காட்டிலும் மேட்டிலும் திரிந்த உடற்கட்டுள்ள மனிதர் என்பதால் அவருக்குக் காட்டு ஜான் என்னும் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. நூலறிவைவிட நிலத்தைத் தொட்டுப் பெற்ற அறிவையே அவர் கடைசிவரை நம்பினார்.

அவரையும் அண்ணன் எஃப். ஆர். சேனநாயக்கவையும் அரசியலுக்குக் கொண்டுவந்தது மதுவிலக்கு இயக்கம். சாராயக் குத்தகையில் செல்வம் சேர்ந்த வீட்டுப் பிள்ளைகள் மதுவிலக்கு பேசினார்கள் என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். அன்று பௌத்த மறுமலர்ச்சியும் காலனி எதிர்ப்பும் சேர்ந்து புழங்கிய ஒரே மேடை அதுதான். 1915-இல் சிங்களர் முஸ்லிம்களைத் தாக்கிய கலவரம் வெடித்தது. ஆங்கிலேய அரசு இராணுவச் சட்டத்தை அறிவித்து, மதுவிலக்குத் தலைவர்களையே சதிகாரர்கள் என்று சிறையில் அடைத்தது. சேனநாயக்கவும் குற்றச்சாட்டு ஏதுமின்றி ஏறத்தாழ ஆறேழு வாரங்கள் சிறையில் இருந்தார். அச்சம் கொண்ட அரசு சட்டத்தைக் கையில் எடுத்தால் குற்றமற்றவருக்கு என்ன நேரும் என்பதை அவர் நூலில் படித்தவரல்லர், அனுபவித்தவர். சட்டம் பயின்ற நமக்கு அவர் வாழ்க்கையில் மிகவும் உறுத்தும் இடம் இதுவே. அந்த அனுபவம் பின்னாளில் அவரை யாரிடமும் தயங்க வைக்கவில்லை.

1924-இல் நீர்கொழும்பிலிருந்து சட்டசபைக்குச் சென்றார். 1931-இல் டொனமூர் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது விவசாயம், நிலம் ஆகிய துறைகளின் அமைச்சரானார். பதினைந்து ஆண்டுகள் அத்துறைகளை அவர் விடவில்லை. அவருடைய உண்மையான சாதனை அங்கேதான் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. காடு மண்டிக் கிடந்த வறண்ட மண்டலத்தின் பழைய ஏரிகளைச் சீரமைத்தார். மின்னேரியா போன்ற இடங்களில் நிலமற்ற உழவர்களைக் குடியமர்த்தினார். 1935-இல் நில மேம்பாட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அதே ஆண்டு விவசாயமும் தேசபக்தியும் என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூலையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அவர் தேசியத்தின் சுருக்கம் அந்தத் தலைப்பிலேயே இருக்கிறது.

ஆனால் அந்த நிலச் சட்டம் நிலம் பெறத் தகுதியுள்ள இலங்கையர் யார் என்று ஒரு வரையறை வைத்தது. பூர்வீக வாழிடம் இலங்கையாக இருக்க வேண்டும். இந்த ஒரு சொற்றொடரால், காப்பி, தேயிலை, ரப்பர் என்று மூன்று பயிர்களுக்காக மலைக்காட்டை அழித்துத் தோட்டமாக்கிய தொழிலாளி நிலப் பங்கீட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டார். செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் ட்ரெமென்கீர் 1891-இல் எழுதிய அறிக்கையும் அதைத் தொடர்ந்து ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களும் நம் வாசகர்களுக்குப் பழக்கமானவை. ஒரகடம் உள்ளிட்ட இந்தப் பகுதி அன்று அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. பறையர் மக்கள் எப்படிக் கடனாலும் அடிமைப் பண்ணை வேலையாலும் கட்டப்பட்டிருந்தனர் என்பதை அவ்வறிக்கை பதிவு செய்தது. அதே நிலைதான் சேலம், திருச்சி, தஞ்சை, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளின் பள்ளர், பறையர், சக்கிலியர் மக்களைக் கங்காணியின் பின்னே இலங்கை மலைக்கு நடத்திச் சென்றது. அங்கும் கங்காணி பெரும்பாலும் மேல்சாதிக்காரர். அங்கும் துண்டு என்ற கடன்சீட்டு காலைக் கட்டியது. லயன் வீடுகளிலும் சாதி பிரித்து வைக்கப்பட்டது. இங்கே நிலம் மறுக்கப்பட்டதால் அங்கே போனவர்கள், அங்கே வந்தவர்கள் என்பதால் நிலம் மறுக்கப்பட்டார்கள்.

எனினும் ஒன்றில் அவர்கள் நம்மை முந்தியிருந்தார்கள். 1931-இல் டொனமூர் அரசியலமைப்பு இலங்கையில் ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை கொடுத்தது. ஆசியாவில் அது மிக முன்னோடியான ஏற்பாடு. இலங்கைத் தலைவர்கள் அதை விரும்பிக் கேட்டார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. தேசிய காங்கிரசின் சிங்களப் பிரபுக்கள் சொத்தும் படிப்பும் உள்ளவர்க்கே வாக்கு என்ற எண்ணத்தில் இருந்தார்கள். 1915-இல் சிறைப்பட்ட சிங்களத் தலைவர்களுக்காக லண்டன்வரை சென்று வாதாடிய யாழ்ப்பாண வேளாளப் பெருந்தலைவர் பொன்னம்பலம் இராமநாதனும் எல்லோருக்குமான வாக்கை எதிர்த்தார். சேனநாயக்கவும் அவர் சகாக்களும் தோட்டத் தொழிலாளருக்கு வாக்கு போகக் கூடாது என்று வாதிட்டதால், நிரந்தர வாழிடத்தையோ ஐந்தாண்டு வசிப்பையோ மெய்ப்பித்தால்தான் வாக்கு என்ற தடை அவர்களுக்கு விதிக்கப்பட்டது. அந்தத் தடையையும் மீறி 1931-இல் சுமார் ஒரு லட்சம் இந்திய வம்சாவளியினர் வாக்காளர் ஆனார்கள். 1939-இல் அது இரண்டேகால் லட்சம் ஆயிற்று. அதே காலத்தில் சென்னை மாகாணத்தில் வாக்கு சொத்துக்கும் வரிக்கும் படிப்புக்கும் கட்டுப்பட்டிருந்தது. அட்டனிலும் நுவரெலியாவிலும் கொழுந்து பறித்த தலித் பெண் வாக்களித்தபோது, அவள் விட்டுவந்த சேரியில் இருந்த தங்கைக்கு அந்த உரிமை இல்லை. தங்கை முதல்முறை வாக்களித்தது 1952 தொடக்கத்தில், சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலில். அதே 1952-இன் மே மாதத்தில் இலங்கையில் நடந்த தேர்தலில் அக்காளின் பெயர் பட்டியலில் இல்லை.

இடையில் என்ன நடந்தது என்பதற்கான விடை சேனநாயக்கவின் இரண்டு அச்சங்களில் இருக்கிறது.

முதலாவது அச்சம் இந்தியாவைப் பற்றியது. அதை வெறும் பிரமை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. 1946 கணக்கெடுப்பின்படி இலங்கையின் மக்கள்தொகை சுமார் 66 லட்சம். பாக் நீரிணைக்கு இப்பால் பல கோடி மக்கள் கொண்ட ஒரு துணைக்கண்டம். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் குண்டுவீசித் தாக்கியபோது, தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாத தீவு இது என்பது ஊரறியத் தெரிந்துவிட்டது. 1945-இல் கே. எம். பணிக்கர் இந்தியப் பெருங்கடல் பற்றிய நூலில், இக்கடலின் பாதுகாப்பை இந்தியாவின் தலைமையில் வைத்துப் பார்க்கும் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். திருகோணமலை போன்ற இயற்கைத் துறைமுகத்தை வைத்திருப்பவருக்கு இத்தகைய எழுத்து எப்படி ஒலித்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

சேனநாயக்க கண்ட வழி, வெளியேறும் பேரரசையே காவலுக்கு வைத்துக்கொள்வது. ஐவர் ஜென்னிங்ஸின் சட்ட அறிவும் ஆலிவர் குணதிலக்கவின் பேரத் திறனும் துணைநிற்க, போரில்லாமல், சிறைநிரப்பாமல், பேசியே விடுதலை பெற்றார். அதற்கு ஈடாக 1947 நவம்பர் 11-இல் பிரிட்டனுடன் பாதுகாப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்க விமானத் தளமும் பிரிட்டன் வசமே நீடித்தன. 1948 பிப்ரவரி 4-இல் கொடி ஏறியது. அதே ஆண்டு ஐ.நா.வில் சேர விண்ணப்பித்தபோது, இந்த ஒப்பந்தங்களைச் சுட்டி, இது முழு இறையாண்மையுள்ள நாடுதானா என்று சோவியத் ஒன்றியம் ஐயம் எழுப்பி வீட்டோ செய்தது. 1955 டிசம்பரில்தான் இலங்கைக்கு இடம் கிடைத்தது. இந்தோனேசியாமீது டச்சு அரசு படையெடுத்தபோது, டச்சுப் படைகளுக்கு உதவும் கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் இடம் கொடுக்க மறுத்தவரும் இதே சேனநாயக்கதான். மேற்கின் கைப்பாவை என்று அவரை ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. அருகில் உள்ள பெரியவரைவிடத் தொலைவில் உள்ள பழைய எசமானர் பரவாயில்லை என்று கணக்கிட்ட ஒரு நிலவுடைமையாளரின் முடிவு அது.

சிறு தீவுகள் பலவும் இதே கணக்கைப் போட்டிருக்கின்றன. மொரீஷியஸ் 1968-இல் விடுதலை பெற்றபோது பிரிட்டனுடன் பாதுகாப்பு உடன்பாடு செய்துகொண்டது. அதற்கு முன்பே சாகோஸ் தீவுகளைப் பிரிட்டன் பிரித்தெடுத்துவிட்டது. டியாகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் அமைக்க அங்கு வாழ்ந்த மக்கள் அனைவரும் அகற்றப்பட்டனர். தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள் அவர்கள். ஃபிஜியில் 1987-இல், கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட இந்தியரின் சந்ததிக்கு ஆட்சியில் பங்கு கிடைத்ததும் இராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. தீவின் பாதுகாப்பு பேசப்படும்போதெல்லாம் கூலியாக வந்தவரின் தலைதான் முதலில் எண்ணப்படுகிறது.

இரண்டாவது அச்சம் இடதுசாரிகளைப் பற்றியது. 1947 தேர்தலில் சேனநாயக்கவின் ஐக்கிய தேசியக் கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. மலையகத்தில் ஆறு தொகுதிகளுக்குக் குறையாமல் இலங்கை இந்திய காங்கிரஸ் வென்றது. அதைத் தவிர வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரி வேட்பாளர்களுக்குப் போயின. ஓராண்டுக்கு முன்புதான் கேகாலை மாவட்டத்தின் நேவ்ஸ்மியர் தோட்டத்தை அரசு கையகப்படுத்தி, அங்கே வாழ்ந்த தொழிலாளரை வெளியேறச் சொன்னது. அவர்கள் மறுத்தபோது அத்துமீறல் வழக்கு பாய்ந்தது, மலையகம் முழுவதும் வேலைநிறுத்தம் பரவியது. நிலத்துறை அமைச்சர் சேனநாயக்க. சங்கம் வைக்கத் தெரிந்த, வேலையை நிறுத்தத் தெரிந்த, வாக்கும் உள்ள ஒரு தொழிலாளர் கூட்டத்தைத் தோட்ட உரிமையாளர்களின் அரசு எப்படிப் பார்க்கும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. சங்க அங்கீகாரத்துக்காக 2024-இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்ததைக் கண்டவர்கள் நம் வாசகர்கள்.

இந்த இரண்டு அச்சங்களும் ஒரே சட்டத்தில் சந்தித்தன. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டம் நவம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்தது. அதில் தமிழர் என்றோ இந்தியர் என்றோ ஒரு சொல் இல்லை. அந்நாளுக்கு முன் இலங்கையில் பிறந்தவர் தம் தந்தை இலங்கையில் பிறந்தவர் என்று காட்ட வேண்டும். இயலாவிட்டால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். பிறப்புப் பதிவே ஒழுங்காக நடக்காத தோட்டங்களில் பூட்டனின் பிறப்புச் சான்றுக்கு எங்கே போவது? சிங்கள உழவரிடமும் அந்தச் சான்று இருந்திருக்காது. ஆனால் அவரிடம் யாரும் கேட்கவில்லை. காகிதம் கேட்கும் சட்டங்களின் சூட்சுமம் இதுதான்: எல்லோருக்கும் பொதுவாக எழுதி, சிலரிடம் மட்டும் கேட்பது. பொதுவாழ்வில் சிறந்தோர் என்று ஆண்டுக்கு 25 பேருக்கு மிகாமல் குடியுரிமை தரும் அதிகாரத்தையும் அச்சட்டம் அமைச்சருக்கு வழங்கியது. சுமார் 7,80,000 இந்தியத் தமிழர் வாழ்ந்த நாட்டில்!

அடுத்த ஆண்டு, இந்திய, பாகிஸ்தானிய வசிப்போர் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1946-க்கு முன் தொடர்ச்சியாக, மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் வசித்ததைச் சான்றுகளோடு மெய்ப்பித்தால் விண்ணப்பிக்கலாம். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. இறுதியில் குடியுரிமை பெற்றவர்கள் சுமார் 1,34,000 பேர். அதே 1949-இன் தேர்தல் திருத்தச் சட்டம் குடிமக்களுக்கே வாக்கு என்றது. மூன்று சட்டங்களும் பூட்டின் மூன்று சுற்றுகள்போல் பொருந்தின.

இதைச் சிங்களப் பேரினவாதத்தின் கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது தமிழ்த் தேசிய மேடைகளின் வழக்கம். நாம் அப்படிச் செய்ய இயலாது. முதல் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம், 1948 செப்டம்பரில் சேனநாயக்கவின் அமைச்சரவையில் சேர்ந்தார். இரண்டாவது சட்டத்தை ஆதரித்தார். செல்வநாயகம் பிரிந்து சென்று 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார், அந்த எதிர்ப்பு மதிக்கத்தக்கது. ஆனால் யாழ்ப்பாண வேளாளத் தலைமையின் ஒரு பகுதிக்கு மலையகத் தொழிலாளி தன் இனத்தவராக ஏன் தோன்றவில்லை என்ற கேள்வியைச் சாதியைத் தொடாமல் விளக்க முடியாது. தம் கோவில்களிலும் கிணற்றடியிலும் பள்ளரையும் நளவரையும் விலக்கி வைத்திருந்தவர்கள் அவர்கள். கடல் கடந்து வந்த பள்ளரின் வாக்கு அவர்கள் பேரத்தில் எளிதில் கைவிடக்கூடிய பொருளாயிற்று. சேனநாயக்க மனிதர்களை எடைபோடத் தெரிந்தவர். அந்த இடைவெளி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்தியா என்ன செய்தது? 1941-இல் பாஜ்பாயோடும் 1947 டிசம்பரில் நேருவோடும் சேனநாயக்க நேரில் பேசினார். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் இலங்கையின் பொறுப்பு என்பது நேருவின் நிலை. கொள்கையளவில் அது சரி. இலங்கை மறுத்தபோது, அந்த மக்கள் இரண்டு சரியான கொள்கைகளுக்கு நடுவே நாடற்றவர்களாக நின்றார்கள். 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் அவர்களைப் பங்கிட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பின்னர் பேசிக்கொள்ள. அம்மக்களின் பிரதிநிதிகள் யாரும் அதில் கையெழுத்திடவில்லை.

சட்ட மாணவர்கள் இன்னொன்றையும் படிக்க வேண்டும். இலங்கை அரசியலமைப்பின் 29(2) பிரிவு எந்த ஒரு சமூகத்தின்மீதும் பிறருக்கு இல்லாத தடையை விதிக்கும் சட்டத்தைச் செல்லாததாக்கியது. அந்தப் பாதுகாப்பை நம்பிக் கேகாலையிலிருந்து கோடக்கான் பிள்ளை வழக்கு எழுந்தது. வாக்காளர் பட்டியலைத் திருத்தும் அதிகாரி ஒருவர் துணிந்து இச்சட்டங்கள் செல்லா என்று முடிவு செய்தார். இலங்கை உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. 1953-இல் பிரிவி கவுன்சில் உச்ச நீதிமன்றத்தையே ஆதரித்தது. யார் குடிமகன் என்று வரையறுப்பது எந்த நாட்டின் சட்டமன்றத்துக்கும் இயல்பான அதிகாரம், சட்டத்தின் வாசகத்தில் பாகுபாடு இல்லை என்பது தீர்ப்பின் சாரம். வாசகத்தைத் தாண்டி விளைவைப் பார்க்க மறுக்கும் நீதியின் மொழி நமக்குப் புதிதன்று.

அந்தத் தீர்ப்பைக் காணச் சேனநாயக்க உயிரோடு இல்லை. நாள்தோறும் குதிரைச் சவாரி செய்வது அவர் வழக்கம். 1952 மார்ச் 21 காலையில் கொழும்பு காலிமுகத் திடலில் குதிரையிலிருந்து விழுந்தார். மறுநாள் இறந்தார். மகன் டட்லி பிரதமரானார். மே மாதத் தேர்தலில் கட்சி பெரும்பான்மை பெற்றது. வாக்கிழந்த மலையக மக்களின் சார்பில் இந்திய காங்கிரஸ் அவ்வாண்டு கொழும்பில் சத்தியாக்கிரகம் நடத்தியது, அரசு அசையவில்லை.

அவர் வாங்கிய பாதுகாப்பு எவ்வளவு காலம் தாங்கியது? பிரிட்டிஷ் தளங்களை 1957-இல் பண்டாரநாயக்க அரசு திரும்பப் பெற்றது. எந்த இந்தியத் தலையீட்டுக்கு அஞ்சி அவை கொடுக்கப்பட்டனவோ, அது 1987-இல் வந்தே விட்டது. ஜூலை 29-இல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்தனவும் ஒப்பந்தத்தோடு பரிமாறிக்கொண்ட கடிதங்களில், இந்தியாவின் நலனுக்கு ஊறு விளையும் வகையில் திருகோணமலையை வேறெந்த நாட்டுக்கும் இராணுவப் பயன்பாட்டுக்குத் தருவதில்லை என்ற உறுதி இருந்தது. அந்த ஜெயவர்தன சேனநாயக்கவின் அமைச்சரவையில் நிதியமைச்சராக இருந்தவர். ஒப்பந்தத்தோடு சென்ற இந்தியப் படை, அதன் போர், அதன் பழி எல்லாம் சேர்ந்து நான்கு ஆண்டுகளில் ஸ்ரீபெரும்புதூர்க் கூட்டத் திடலை வந்தடைந்தன. வாக்கிழந்த கொழுந்துக்காரிக்கும் திருகோணமலைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அவள் இந்தியாவின் உளவாளியும் அல்லள், படைவீரரும் அல்லள். அவள் வாக்கைப் பறித்ததால் தீவின் கரை ஓர் அடிகூடப் பாதுகாப்பாகவில்லை.

ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் விடுதிகளில் தங்கி வேலை செய்யும் பீகார், ஒடிசா, ஜார்கண்ட் தொழிலாளர்களைப் பற்றி நம் தேநீர்க் கடைகளில் இன்று பேசப்படுவதைக் கவனிக்கிறோம். வெளியிலிருந்து வந்தவர்கள், கூலியைக் குறைக்கிறார்கள், நாளைக்கு வாக்கு கிடைத்தால் மொத்தமாக ஒரு கட்சிக்குப் போடுவார்கள், டெல்லிக்கு ஆளாவார்கள் என்கிறார்கள். தமிழ்நாடு ஒரு நாடு அன்று, தீவும் அன்று, ஒப்பீட்டுக்கு எல்லை உண்டு. டெல்லியின் ஆதிக்கம் பற்றிய அச்சத்துக்கு நியாயமும் உண்டு. சேனநாயக்கவின் அச்சத்துக்கும் நியாயம் இருந்தது. அந்த விடுதி அறைகளில் இருப்போரில் தலித்துகளும் பழங்குடியினரும் எத்தனை பேர் என்று கேட்டுப் பார்த்த பிறகு நம் தோழர்கள் அந்தப் பேச்சில் சேரட்டும்.

மலையக மக்களில் எஞ்சிய நாடற்றவர்களுக்கு இலங்கை 2003-இல் சட்டம் இயற்றிக் குடியுரிமை கொடுத்தது. ஆனால் இனக்கலவரங்களுக்கும் போருக்கும் தப்பித் தமிழகம் வந்து, இன்றும் மறுவாழ்வு முகாம்களில் வாழும் மலையக வம்சாவளியினர் இருக்கிறார்கள். இந்தியாவின் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. அச்சட்டம் வருவதற்கு ஆறு மாதங்களுக்கு முன், 2019 ஜூனில், திருச்சி கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த இம்மக்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. இவர்கள் தோட்ட வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தோர் என்பதைக் கணக்கில் எடுத்து, குடியுரிமை கோரும் விண்ணப்பங்களை மைய அரசு பரிசீலிக்க வேண்டும் என்றது. விண்ணப்பத்தோடு அவர்களிடம் கேட்கப்படுவது மீண்டும் பாட்டனின் ஊர்ச் சான்று. இம்முறை இந்தியாவில் அவர் பிறந்த ஊருக்கு.